ராஜா கதை கோபுரத்தில், நம் கதை ஓட்டாஞ்சில்லில்

வழக்கம்போல இந்தப் பதிவும் நீளம்தான். அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

அஸ்திவாரம் தோண்டும்போதோ, ஏரி மண் அடித்த நிலத்திலோ ஏதாவது கிடைத்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறீர்கள். ஓட்டை போட்ட மண் வில்லை, சிவப்பு மணி, கறுப்பும் சிவப்புமான பானை ஓடு. கூடவே ஒரு கேள்வி வரும்: "டீச்சர், இது விலை போகுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாடமாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

நான் உங்களுக்கு நடத்திய சமூக அறிவியலை நினைத்துப் பாருங்கள். மன்னர் பெயர், போர் நடந்த ஆண்டு, கட்டிய கோயில். நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. தெருவில் நின்று தலையைத் தூக்கினால் 217 அடி ராஜகோபுரம். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி நாயக்கர் காலத்தில் முடிந்தது என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். கோயில் சுவரெல்லாம் கல்வெட்டு. விளக்கெரிக்க ஆடு மாடு கொடுத்தவர், நிலம் கொடுத்தவர், பொன் கொடுத்தவர் என்று பெயர்கள் இருக்கும். கொடுக்க ஏதாவது வைத்திருந்தவர்களின் பெயர்கள் அவை. அந்த ஆட்டை மேய்த்தவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

செங்கம் பக்கத்து நடுகற்கள் இதற்குக் கொஞ்சம் பரவாயில்லை. அவை கிராமத்து ஆட்களைப் பற்றியவை. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவர்களுக்கு ஊர் நட்ட கற்கள். தண்டராம்பட்டு வட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்தது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த நாய்க்குப் பெயர் தெரிகிறது என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் செய்தி.

ஆனாலும் நடுகல் சொல்வது ஒருவன் இறந்த நாளைத்தான். அவன் வாழ்ந்த மற்ற நாட்களை, அவன் வீட்டுப் பெண்களின் நாட்களை, பிள்ளைகளின் நாட்களைத் தெரிந்துகொள்ள வேறு இடத்தில் தேட வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் குப்பைமேடு.

*கருகிய கொள்ளு*

நம் பழைய மாவட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பையம்பள்ளி என்று ஒரு கிராமம், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகும் வரை அந்த ஊரும் நம் ஊரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். 1964-65-இலும் 1967-68-இலும் இந்தியத் தொல்லியல் துறையின் எஸ்.ஆர்.ராவ் அங்கே அகழாய்வு செய்தார். குஜராத்தில் லோத்தல் துறைமுக நகரைத் தோண்டியவரும் அவர்தான்.

பையம்பள்ளியில் அரண்மனை எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு சின்னக் கிராமம். தரையில் பள்ளம் தோண்டி, சுற்றிலும் கம்பு நட்டு, மேலே கூரை போட்ட வீடுகள். கம்பு நட்ட குழிகள் மட்டும் மண்ணில் மிச்சம். தேய்த்து வழவழப்பாக்கிய கல் கோடரிகள், அரைக்கும் கல், இடிக்கும் கல். பிறகு, கருகிப்போன கொஞ்சம் தானியம். அதைப் பார்த்து இனம் கண்டபோது கொள்ளு, பச்சைப்பயறு. காலம் ஏறத்தாழ கி.மு. 1400.

நம் வீட்டில் சளி பிடித்தால் கொள்ளு ரசம் வைக்கிறோம். அந்தக் கொள்ளை நமக்கு 3,400 ஆண்டுகளுக்கு முன் இதே மலைப்பக்கத்தில் ஒருவர் விதைத்து, அறுத்து, அடுப்பில் ஏற்றியிருக்கிறார். அது ஏன் கருகியது? அடுப்படியில் சிந்தியிருக்கலாம், வறுக்கும்போது தீய்ந்திருக்கலாம், வீடே எரிந்திருக்கலாம். ஆனால் கருகியதால்தான் நமக்குக் கிடைத்தது. நல்ல பயறு மண்ணில் கிடந்தால் முளைக்கும், இல்லையென்றால் மட்கும், பூச்சி தின்னும். கரியாகிவிட்டதை எந்தப் பூச்சியும் தின்னாது.

இதனால்தான் இன்றைய அகழாய்வுகளில் அடுப்படி மண்ணைத் தண்ணீரில் கரைத்து மிதக்கவிடுகிறார்கள். மண் கீழே தங்கும், கருகிய தானியம் மேலே மிதக்கும். அதை வடிகட்டி, உலர்த்தி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அரிசி களையும்போது பதர் மேலே வருமே, அதே கணக்கு.

*இறந்தவருக்கு வைத்தது*

இப்போது நம் மாவட்டத்துக்குள் வருவோம். வந்தவாசி வட்டம் கீழ்நமண்டி. 2023-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது சுடுமண்ணால் செய்த ஈமப்பேழைகள் கிடைத்தன. அந்த இடத்துக் கரி மாதிரியைச் சோதித்ததில் கி.மு. 1692 என்று காலம் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய நூலில் இந்தச் செய்தி இருக்கிறது. அகழாய்வு முடிவு வரும்வரை அந்த ஊரைத் தாண்டிப் பேருந்தில் போன நம்மில் எத்தனை பேர் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்திருப்போம்?

பழைய ஈமக்குழிகளில் பானையும் கிண்ணமும் வைப்பது வழக்கம். செத்தவருக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும் என்ற நம்பிக்கை. நாம் இன்றும் கருமாதியில் படைக்கிறோம் இல்லையா? பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊரில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் செய்த அகழாய்வில், ஒரு ஈமக்குழியில் நான்கு கால் வைத்த ஜாடி கிடைத்தது. அதற்குள் சுமார் 2 கிலோ நெல். அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று ஆய்வகம் சொன்னது.

2 கிலோ நெல் என்பது ஒரு பிடி இரண்டு பிடி இல்லை. உயிரோடு இருப்பவர்கள் சாப்பிட வேண்டியதை எடுத்து மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டார் அவர் மேல் எவ்வளவு பிரியம் வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்த ஜாடியே சாட்சி.

*தக்களி*

என் வயதுக்காரர்களுக்குத் தக்களி தெரியும். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கைத்தொழில் பாடம் உண்டு. ஒரு சின்ன வட்டத் தகடு, நடுவில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கொக்கி. அதைச் சுழற்றிவிட்டுப் பஞ்சுத் திரியை மெல்ல இழுத்தால் நூல் முறுக்கேறி வரும். எனக்கு வந்த நூல் பத்து இடத்தில் முடிச்சோடு, கயிறுக்கும் நூலுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த தோழிக்கு முடி போல வந்தது. கை பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985 முதல் பல முறை அகழாய்வு நடந்திருக்கிறது. நொய்யல் ஆற்றங்கரை ஊர். சுடுமண் வில்லையின் நடுத் துளையில் இரும்புக் கம்பி செருகிய தக்களிகள் அங்கே கிடைத்தன. எங்கள் பயிற்சிப் பள்ளித் தக்களிக்கும் அதற்கும் பொருளில்தான் வித்தியாசம், அமைப்பில் இல்லை. 2,000 ஆண்டுகளில் அந்தக் கருவியை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

வைகைக் கரையில் கீழடியிலும் தக்களிகள் நிறையக் கிடைத்தன. கூடவே நெசவில் நூலைத் தூக்கவும் அழுத்தவும் பயன்பட்ட எலும்பு முனைகள், செம்பு ஊசி, நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டுகள். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நூற்பதில் தொடங்கி நெய்து தைப்பது வரைக்கும் வேலை அங்கேயே நடந்திருக்கிறது என்று தெரிகிறது. தனியாக ஒரு தக்களி மட்டும் கிடைத்திருந்தால் இவ்வளவு சொல்ல முடியாது. இதை நினைவில் வையுங்கள், பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

இன்னொரு நுட்பம். தக்களி வில்லையின் எடையை நிறுத்துப் பார்த்தால் எந்த மாதிரி நூல் நூற்றார்கள் என்று ஊகிக்கலாம். லேசான வில்லை மெல்லிய நூலுக்கு. கனமான வில்லை தடித்த நூலுக்கு. துணி மட்கி 2,000 ஆண்டு ஆகிவிட்டது. ஆனால் அந்தத் துணி மெல்லிசா முரடா என்பதற்கான தடயம் ஒரு மண் வில்லையின் எடையில் இருக்கிறது. புறநானூற்றில் பருத்தி நூற்கும் பெண்கள் வருகிறார்கள் என்று தமிழாசிரியர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெண்களின் விரல் பட்ட பொருள் இதுதான்.

*ஓட்டாஞ்சில்லு*

பாண்டி ஆடாத பெண் பிள்ளை என் வகுப்பில் இருந்ததில்லை. மதிய உணவு மணி அடித்ததும் வேப்ப மரத்தடியில் கட்டம் போட்டு, உடைந்த ஓட்டை எடுத்துக் கல்லில் தேய்த்து வட்டமாக்கி, ஒற்றைக் காலில் தாண்டுவீர்கள். நல்ல சில்லு கிடைத்தால் பாவாடை முடிச்சில் கட்டி வீட்டுக்கே கொண்டுபோய்விடுவீர்கள்.

கீழடியில் இப்படி வட்டமாகத் தேய்த்த பானை ஓட்டுச் சில்லுகள் மட்டும் 600-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பகடைக் காய்களும், ஆட்டக் காய்களும் உண்டு. எல்லாச் சில்லும் விளையாட்டுக்குத்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிலவற்றைச் சின்னக் குடுவைக்கு மூடியாகவோ எண்ணிக்கைக்கோ வைத்திருக்கலாம். ஆனாலும் அதில் ஒரு பாதியை, வேண்டாம், கால் பங்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். எத்தனை மதியப் பொழுதுகள், எத்தனை சண்டைகள், "நீ கோட்டை மிதிச்சுட்ட" என்று எத்தனை கூச்சல்!

நான் அதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். பானை உடைந்தால் அதோடு முடியவில்லை. பெரிய துண்டு கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகும், சின்னத் துண்டு சில்லாகும், சில்லில் துளை போட்டால் தக்களி ஆகும். நம் பாட்டிகள் கிழிந்த புடவையைத் தூளியாக்கி, தூளியைத் துடைக்கும் துணியாக்கி, கடைசியில் விளக்குத் திரியாக்கினார்கள். அந்த வீட்டுக் கணக்கு மிகப் பழையது.

*பானையில் பெயர்*

கீழடியில் மாநிலத் தொல்லியல் துறை 2018-இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் 5,820 பொருட்கள் கிடைத்தன. அதில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் 56. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்று காலம் காட்டியது. 2019-இல் அறிக்கை வந்தபோது எல்லாரும் ஆண்டைப் பற்றியே பேசினார்கள். எத்தனை பழையது, யாரைவிடப் பழையது என்று பட்டிமன்றம் நடந்தது. எனக்கு அதைவிட அந்த ஓடுகளில் இருக்கும் பெயர்கள் பிடிக்கும். ஆதன். குவிரன் ஆதன்.

அந்த எழுத்துகள் எல்லாம் ஒரே கையெழுத்தாக இல்லை. குயவர் ஒருவரே உட்கார்ந்து எல்லாப் பானையிலும் எழுதியிருந்தால் ஒரே மாதிரி இருக்கும். வெவ்வேறு கை என்றால், பானையை வாங்கியவர்கள் தாங்களே கீறியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆசிரியையான எனக்கு இதைவிடப் பெரிய செய்தி வேண்டியதில்லை. பானை வாங்குகிற சாதாரண ஆளுக்குத் தன் பெயரை எழுதத் தெரிந்திருக்கிறது.

அவர் ஏன் எழுதினார்? நம் வீட்டு எவர்சில்வர் குடத்தைத் திருப்பிப் பாருங்கள். கல்யாணச் சீராக வந்த குடத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். விசேஷ வீட்டில் பாத்திரம் மாறிப்போகக் கூடாது, நம் வீட்டுப் பொருள் நம் வீட்டுக்கே திரும்ப வேண்டும். ஆதனுக்கும் இதே கவலை இருந்திருக்கலாம்.

கீழடியை ஆய்வாளர்கள் நகரம் என்றே சொல்கிறார்கள். செங்கல் கட்டடம், உறைகிணறு எல்லாம் உண்டு. ஆனால் இந்தப் பானையும் தக்களியும் சில்லும் நகரத்துக்கு மட்டும் உரியவை இல்லை. கிராமத்திலிருந்து போனவர்களும் கிராமத்துக்குத் திரும்பியவர்களும் இதே பொருட்களோடுதான் வாழ்ந்திருப்பார்கள்.

*ஒரு ஊர் அப்படியே நின்றுபோனால்*

இதுவரை சொன்ன பொருட்களில் பெரும்பாலானவை தூக்கிப்போட்டவை, தொலைந்தவை, புதைத்தவை. குப்பையை வைத்துக்கொண்டு வீட்டைக் கற்பனை செய்கிறோம். வீட்டில் எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே கிடைத்தால் எப்படி இருக்கும்? உலகத்தில் சில இடங்களில் அப்படி நடந்திருக்கிறது. அதில் ஒன்று கடல் தாண்டி, மத்திய அமெரிக்காவில்.

மாயா மக்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாடப்புத்தகத்தில் பெரிய படிக்கட்டுக் கோபுரம் படம் போட்டிருக்கும். அங்கேயும் நம் ஊர் மாதிரிதான், கோபுரம் எல்லார் கண்ணையும் இழுத்துக்கொண்டது. ஆனால் எல் சல்வடோர் நாட்டில் ஹோயா டி செரேன் என்று ஒரு சின்ன விவசாயக் கிராமம் இருந்தது. கி.பி. ஏழாம் நூற்றாண்டை ஒட்டி ஒரு மாலைப் பொழுதில் பக்கத்திலேயே, சுமார் 600 மீட்டர் தொலைவில், எரிமலை வெடித்தது. ஊர் முழுக்க 4 முதல் 8 மீட்டர் வரை சாம்பல் மூடியது. மக்கள் ஓடிப் பிழைத்ததாகத்தான் தெரிகிறது. வீடுகளில் யாருடைய உடலும் கிடைக்கவில்லை. பொருட்கள் மட்டும் வைத்தது வைத்தபடி.

1976-இல் தானியக் கிடங்கு கட்ட மண்ணைச் சமன் செய்தபோது இயந்திரத்தில் ஒரு வீட்டின் தரை தட்டுப்பட்டது. ஓட்டியவர் நல்லவர், நிறுத்திச் சொன்னார். பார்க்க வந்தவர்களோ, கூரைப் புல்கூடக் கெடாமல் இருக்கிறதே, இது சமீபத்து வீடாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். வேலை தொடர்ந்தது. சில வீடுகள் அழிந்தன. 1978-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பேசன் ஷீட்ஸ் வந்து காலத்தைச் சோதித்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. 1993-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

அங்கே என்ன கிடைத்தது என்று கேளுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கழுவாமல் வைத்த கிண்ணங்கள், அதில் விரலால் வழித்த தடம். கூரையில் சரம் சரமாகத் தொங்கவிட்ட மிளகாய். பானையில் அவரை விதை. ஓரிடத்தில் கட்டிப்போட்ட வாத்து. கூரைப் புல்லுக்குள் வாழ்ந்த எலிகள்கூட!

எரிமலைக் கண்ணாடி என்று ஒரு கறுப்புக் கல் உண்டு. உடைத்தால் சவரக் கத்தி போலக் கூர்மை. அதில் செய்த கத்திகளை அந்த வீடுகளில் கூரைப் புல்லுக்குள் செருகி வைத்திருந்தார்கள். ஏன்? பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. என் அம்மா அரிவாள்மனையை வேலை முடிந்ததும் பரண் மேல் போட்டுவிடுவார். அதே பயம், அதே புத்தி.

இன்னொன்றும் தெரிந்தது. ஒரு வீட்டில் சுரைக்குடுக்கைக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். இன்னொரு வீட்டுத் தோட்டத்தில் நார் எடுக்கும் கற்றாழைச் செடிகள், தங்கள் தேவைக்கும் மேலே. ஒவ்வொரு வீடும் ஏதாவது ஒன்றைக் கூடுதலாகச் செய்து அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த வண்ணக் கிண்ணமும், பச்சை ஜேட் கல் கோடரியும், அந்தக் கறுப்புக் கத்தியும் சாதாரண வீடுகளிலேயே இருந்தன. விவசாயி என்றால் ராஜா போட்டதைத் தின்று கிடந்தவன் என்ற எண்ணத்தை அந்தச் சின்னக் கிராமம் மாற்றிவிட்டது. நம் கொடுமணலிலும் குஜராத் பக்கத்துச் சிவப்புக் கல்லில் மணி செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கிராமத்தான் ஊர் எல்லையைத் தாண்டாதவன் என்று நாம் நினைப்பது நம் அறியாமைதான்.

*எடுத்தால் ஊமை*

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தக் கறுப்புக் கத்தியை யாராவது கூரையிலிருந்து உருவி வீட்டு ஷோகேஸில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது ஒரு பழைய கத்தி, அவ்வளவுதான். கூரையில் செருகியிருந்ததால்தான் ஒரு தாயின் ஜாக்கிரதை தெரிந்தது. ஜாடிக்குள் இருந்ததால்தான் அந்த நெல் படையல். அடுப்படியில் கிடந்ததால்தான் அந்தக் கொள்ளு சாப்பாடு. எலும்பு முனையும் ஊசியும் அதே இடத்தில் கிடைத்ததால்தான் தக்களி முழு நெசவைப் பற்றிப் பேசியது.

பொருளில் பாதி செய்திதான் இருக்கிறது. மீதி பாதி அது எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில் இருக்கிறது. நாம் ஆசையாக எடுத்துக் குழாயடியில் கழுவித் துடைத்து வைக்கும்போது அந்த மீதிப் பாதியையும் கழுவி விட்டுவிடுகிறோம். பானை உள்ளே ஒட்டியிருந்த கரிகூட ஆய்வகத்துக்கு வேண்டிய பொருள்.

நம் மாவட்டத்தில் இது அன்றாடம் நடக்கிறது. கல்வட்டம் இருக்கும் மேட்டை நிலம் திருத்தும்போது நிரவிவிடுகிறார்கள். பழைய ஊர் இருந்த மண்மேட்டைச் செங்கல் சூளைக்கும் சாலைக்கும் அள்ளுகிறார்கள். தாழி உடைந்தால் "ஏதோ பழைய பானை" என்று ஒதுக்கிவிட்டு, தங்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். கோபுரத்தில் ஒரு கல் பெயர்ந்தால் ஊரே கூடும். மண்மேடு ஒரே நாளில் போனால் கேட்க ஆள் இல்லை. அந்த மேட்டில்தான் நம் முப்பாட்டன் முப்பாட்டியின் ஒரே வரலாற்றுப் புத்தகம் இருந்தது. அதற்கு இரண்டாம் பிரதி கிடையாது.

ஆகவே, பிள்ளைகளே, டீச்சர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஏதாவது தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். பொருளை எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள்.

2. கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ ஐந்து ரூபாய் நாணயமோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். சுற்றுப்புறமும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒரு படம்.

3. ஊர் பெயர், சர்வே எண், எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள்.

4. கிராம நிர்வாக அலுவலருக்கோ, வட்டாட்சியருக்கோ, தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பயப்பட இதில் ஒன்றும் இல்லை. மறைத்தால்தான் பிரச்சினை.

5. வாங்குகிறேன் என்று வருபவரிடம் விற்காதீர்கள். உங்களுக்கு நூறு இருநூறு கிடைக்கும். ஊருக்கு இருந்த சாட்சி போய்விடும்.

ஒப்பந்த வேலை செய்யும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் சிலர் ஜேசிபி வைத்திருக்கிறீர்கள். செரேன் கிராமம் உலகத்துக்குத் தெரிய முதல் காரணம் ஒரு இயந்திர ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதுதான். படித்தவர்கள் தவறாகக் கணித்த இடத்தில் அவர் கண் சரியாகப் பார்த்தது. உங்கள் கண்ணும் அப்படிப்பட்டதுதான் என்று எனக்குத் தெரியும்.

*வீட்டிலும் ஒரு அகழாய்வு*

இதை எல்லாராலும் செய்ய முடியும், மண்ணைத் தோண்டவும் வேண்டாம். உங்கள் வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். தொம்பை, எந்திரக்கல், குந்தாணி, மரக்கால், கல்சட்டி என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் எழுதுங்கள். அது எந்த மூலையில் இருந்தது, யார் பயன்படுத்தினார்கள், எந்த மாதத்தில் வெளியே வந்தது என்று கேளுங்கள். தொம்பையை எப்படிச் சாணியும் மண்ணும் வைத்து மெழுகினார்கள், அடியில் ஓட்டை வைத்து எப்படித் தானியம் எடுத்தார்கள் என்று சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். அம்மியை மாடிப்படிக்கு அண்டை கொடுத்திருந்தால் அதன் நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். அத்தனை தேய்மானமும் உங்கள் வீட்டுப் பெண்களின் தோள்வலி.

2023 மார்ச்சில் கீழடியில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். மதுரைப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள். தங்க நகை இருக்கும் பெட்டியில் கூட்டமாக இருக்கும். நீங்கள் தக்களியும் சில்லும் இருக்கும் பக்கம் போய் நில்லுங்கள். "இது என்னம்மா?" என்று பிள்ளை கேட்கும். பதில் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை நீளம் எழுதினேன்.

உங்கள் வீட்டுப் பழைய பொருளின் பெயரும் அது இருந்த இடமும் கீழே எழுதுங்கள். ஊர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இந்த முறை மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருவண்ணாமலை